பாட்டி புடவையில் முதல் சட்டை

மதுராந்தகத்தில் என்னிடம் தையல் பழக வருகிற பெண்களில் பலர் வளைகாப்பு முடிந்த கையோடு வருகிறவர்கள். "அக்கா, குழந்தைக்கு லேஸ் வெச்சு, பூப்போட்டு ஒரு சட்டை நானே தைக்கணும். அது பேத்தி காலம் வரைக்கும் இருக்கணும்" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டில யாரோட பழைய நூல் புடவை இருக்கு?"

பிறந்த குழந்தையை முதலில் பழந்துணியில் வாங்குவது நம் வழக்கம். தாத்தாவின் வேட்டியோ அம்மாச்சியின் புடவையோ கிழித்துத் துவைத்து மடித்துத் தயாராக இருக்கும். நூறு தடவை துவைத்த துணியில் கஞ்சி இருக்காது, சாயம் விட வேண்டியதெல்லாம் விட்டிருக்கும், நூலின் முரட்டுத்தனமும் போயிருக்கும். கடையில் எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த மென்மை கிடைக்காது. பல தலைமுறைக்கு நிற்கவேண்டிய சட்டையை அந்தத் துணியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் துணிபு. பெயர் வைக்கும் நாளுக்கோ தொட்டிலில் போடும் நாளுக்கோ ஞானஸ்நானத்துக்கோ, எதற்குத் தைத்தாலும் இந்த அத்தியாயத்தில் வரும் முறை ஒன்றுதான்.

முன்கூட்டியே ஒரு சங்கடத்தைத் தீர்த்துவிடுவோம். குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று புதுத்துணி தைக்கக் கூடாது என்று பல வீடுகளில் சொல்வார்கள். மாமியார் அப்படி நினைத்தால் அவரோடு வாதாட வேண்டாம். சட்டையாக வெட்டாமல், துணியாக வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கலாம். மார்புப் பகுதிக்கான துண்டில் பூவேலையை முடித்து வையுங்கள். லேஸைத் துவைத்துச் சுருட்டி வையுங்கள். குழந்தை பிறந்த பிறகு வெட்டிச் சேர்க்க இரண்டு பகல் போதும். அந்த இரண்டு பகலும் பெற்றவளுக்கு முடியாது. ஊசி பிடிக்கத் தெரிந்த அத்தையோ சித்தியோ செய்யட்டும். ஒரு சட்டையில் இரண்டு பேர் கை இருப்பது நல்லதுதான்.

துணி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குப் போயிருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே வந்து இறங்கியதற்கு ஒரு பெரிய காரணம் துணி. அந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்த மஸ்லின் அங்கிருந்துதான் கப்பல் ஏறியது. இன்று கோட்டைக்குள் இருப்பவை இடிந்த கிடங்குகளும் எழுத்து வெட்டிய கல்லறைகளும். ஆனாலும் மெல்லிய பருத்தி என்பது இந்தக் கரைக்குப் புதிதாக வந்த ஆடம்பரம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளைக்காரர்களின் புத்தகங்களைப் பார்த்து லினனும் பட்டும் தேடி அலைய வேண்டாம். நம் வெயிலுக்கும் குழந்தையின் வேர்வைக்கும் மல் துணிதான் பொருத்தம்.

பழைய புடவையில் எந்த இடத்தை எடுப்பது? புடவையைச் சன்னலுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். இடுப்பில் செருகுகிற இடமும், உட்கார்ந்து எழுந்து தேய்ந்த இடமும் வலை மாதிரி வெளிச்சம் விடும். அதை ஒதுக்குங்கள். மீதி இடத்தில் இரண்டு கட்டை விரலையும் அருகருகே வைத்து மெல்ல இழுங்கள். 'பிர்' என்று நூல் விடும் சத்தம் கேட்டால் அந்தத் துணி தொட்டிலுக்குக்கூட ஆகாது. தலையணைக்கு உள்ளே வைக்கலாம். சத்தமில்லாமல் தாங்கினால் சட்டைக்கு ஆகும். சந்தேகமாக இருக்கும் துணியைத் தனியாகப் பயன்படுத்தாமல், புது மல்லை மேலே வைத்துப் புடவைத் துணியை உள்பக்கம் கொடுத்து இரட்டையாகத் தையுங்கள். பாட்டியின் துணி குழந்தையின் உடம்பில் படும். பூவேலையின் இழுப்பைப் புதுத்துணி தாங்கும்.

பட்டும் ஜரிகையும் பிறந்த குழந்தையின் தோலில் படக் கூடாது. கல்யாணப் பட்டுப் புடவையின் கரையை வைத்தே ஆக வேண்டும் என்று ஆசையாக இருந்தால், சட்டையை விட்டுவிடுங்கள். மேலே போர்த்தும் துண்டின் வெளி ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே டேப்பைக் கையில் எடுக்க வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

லேஸ்

லேஸ் பின்னல் தமிழ் நாட்டுக்கு வந்த கதையை என் மாணவிகளுக்கு எப்போதும் சொல்வேன். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்; படிப்போடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார்; அம்மாவிடம் கற்ற லேஸும் அவரோடு தேரிக்காட்டுக்குப் போனது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் நமக்கெல்லாம் தெரியும். அதே வீட்டு வாசலில் உட்கார்ந்து லேஸ் பின்னிக் கூலி வாங்கிய பெண்களின் கைத்திறனும் அதற்குக் குறைந்ததில்லை. திண்டு போன்ற தலையணையில் மாதிரிக் காகிதத்தைக் குத்தி, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அந்த லேஸ். ஒரு விரற்கடை வளர அரைப்பொழுது ஆகும்.

அப்படிப்பட்ட கைலேஸ் உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு முழம் இருந்தாலும் அது புதையல். இல்லாதவர்கள் குரோஷா ஊசியில் பின்னிக்கொள்ளலாம். கான்வென்ட்டில் படித்த அத்தைமார் கைக்குட்டை ஓரத்துக்குப் பின்னிய அதே பின்னல் போதும். மெல்லிய நூலில், அரை அங்குல அகலத்துக்கு மேல் போகாமல் பின்னுங்கள். கடையில் வாங்குவதானால் மேல்மருவத்தூர் மின்சார ரயிலில் ஏறி பாரிமுனைக்குப் போய் நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவதே மேல். 'காட்டன்' என்று சொல்லித் தருவதெல்லாம் பருத்தி ஆகிவிடாது. ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கறுத்த மணியாக இறுகும். அந்த மணியை விரலில் உருட்டிப் பாருங்கள்; குழந்தையின் கழுத்தில் அந்த லேஸ் எப்படி உறுத்தும் என்று புரியும்.

என் தங்கை மகளுக்கு நான் தைத்த முதல் சட்டை பாழானது லேஸால்தான். துணியைத் துவைத்துத்தான் வெட்டினேன். லேஸ் பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று அப்படியே வைத்துத் தைத்துவிட்டேன். முதல் துவையலில் லேஸ் சுருங்கியது, துணி சுருங்கவில்லை. மார்புப் பகுதி முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. நல்ல வேளை, கையால் தைத்திருந்தேன். ஒரு ராத்திரி உட்கார்ந்து பிரித்து மறுபடி தைத்தேன். மிஷினில் நெருக்கமாக அடித்திருந்தால் மல் துணி கிழிந்திருக்கும். அன்று முதல் நான் வைத்துக்கொண்ட விதி இது: பிரிக்க முடிகிற மாதிரி தை. இந்தச் சட்டையை 25 வருஷம் கழித்து இன்னொருத்தி கையில் எடுப்பாள். அவள் லேஸை மாற்றலாம், கிழிசலை ஒட்டுப்போடலாம், அளவைப் பெருக்கலாம். அவள் கத்தரி நுழைய நாம் இடம் விட வேண்டும். ஆகவே பக்கத் தையலும் தோளும் மிஷினில் போகட்டும். லேஸும் பூவும் கையில்தான்.

அளவும் வெட்டும்

பிறந்த குழந்தைக்கு மார்பைவிடத் தலை சற்றுப் பெரிது. தலைச் சுற்று சுமார் 33 முதல் 35 சென்டிமீட்டர். மார்புச் சுற்று அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவு. கழுத்தும் நிற்காது. ஆகவே தலை வழியாகப் போடும் சட்டை வேண்டவே வேண்டாம். கடைகளில் ஜபலா என்று விற்கும் கட்டுச் சட்டையின் அமைப்புத்தான் சரி. அதையும் முன்பக்கம் முழுக்கத் திறக்கும்படி வையுங்கள். மல்லாந்தே கிடக்கும் குழந்தைக்கு முதுகில் முடிச்சு உறுத்தும்.

45 அங்குல அகலப் புடவையில் 25 அங்குல நீளம் எடுத்தால் தாராளம். துணியைக் குறுக்கில் ஒரு மடிப்பு, நெடுக்கில் ஒரு மடிப்பு என்று நாலாக மடியுங்கள். குறுக்கு மடிப்பு தோள். நெடுக்கு மடிப்பு நடு. நடுவிலிருந்து கை முனை வரை ஏழரை அங்குலம். தோளிலிருந்து கையின் ஆழம் மூன்றே முக்கால். கைக்கு அடியில் லேசாக வளைத்து இறக்கி, உடம்பின் அகலம் நடுவிலிருந்து ஐந்தரை. தோளிலிருந்து சட்டையின் உயரம் 11, அதோடு கீழ் மடிப்புக்கு ஒன்று. கழுத்து நடுவிலிருந்து ஒன்றே முக்கால் அகலம். முன் இறக்கம் ஒன்றே முக்கால், பின் இறக்கம் அரை. இவை தையல் உள்பட்ட அளவுகள். மூன்று மாதம் வரை தாங்கும். முதலில் செய்தித்தாளில் வெட்டிப் பாருங்கள், பிறகு துணியில் வையுங்கள். பூவேலையை முன்னாலேயே முடித்தவர்கள், மடிக்கும்போது பூ நடு மடிப்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் வருகிறதா என்று குண்டூசி குத்திச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முன்பக்க நடு மடிப்பை மட்டும் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்துவிடுங்கள்.

பக்கத் தையலுக்கு ஓவர்லாக் வேண்டாம். அந்த நூல் கம்பளிப்பூச்சி மாதிரி அக்குளில் உரசும். துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி சேர்த்து ஓரத்தில் ஒரு தையல் அடித்து, பிசிரை நறுக்கி, திருப்பி மறுபடி ஒரு தையல் அடியுங்கள். பிசிர் முழுக்க உள்ளே அடைந்துவிடும். பிரெஞ்ச் தையல் என்று எல்லா தையற்காரர்களுக்கும் தெரியும்.

லேஸைத் துணிக்கு நடுவே பதிப்பது

ஓரத்தில் தொங்கும் லேஸை யாரும் வைத்துவிடலாம். துணிக்கு நடுவே சன்னல் மாதிரி லேஸ் தெரிய வைப்பதில்தான் இந்தச் சட்டையின் அழகு இருக்கிறது. மெதுவாகச் செய்யுங்கள்.

இரண்டு ஓரமும் நேராக இருக்கும் அரை அங்குல லேஸை எடுத்து, பூ வரும் இடத்துக்கு இரு பக்கமும் துணியின் மேல் நேராக வைத்துக் குண்டூசி குத்துங்கள். லேஸை இழுக்காதீர்கள், துணியின் மேல் படுத்திருக்க வேண்டும். 10ஆம் நம்பர் ஊசியில் ஒற்றை நூல் கோத்து, லேஸின் இரண்டு ஓரத்தையும் சின்னச் சின்ன ஓட்டுத் தையலில் துணியோடு பிடியுங்கள். இப்போது துணியைத் திருப்புங்கள். லேஸுக்குப் பின்னால் இருக்கும் துணியின் நடுவில், துணி மட்டும் அகப்படும்படி கிள்ளித் தூக்கி, கூர்க்கத்தரியால் நீளவாக்கில் வெட்டுங்கள். கத்தரியின் மழுங்கிய பக்கம் லேஸை நோக்கி இருக்கட்டும். வெட்டிய இரு பக்கத்தையும் லேஸிலிருந்து விலக்கி மடித்து இஸ்திரி போடுங்கள்.

அடுத்தது சுருட்டித் தைப்பது. மடித்த பிசிரைக் கால் அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கிவிட்டு, கட்டை விரலில் துளி ஈரம் தொட்டு, ஆட்காட்டி விரலோடு சேர்த்து ஓரத்தை உருட்டுங்கள். திரி உருட்டத் தெரிந்த கைக்கு இது ஒரு நாளில் வந்துவிடும். உருண்ட ஓரத்தின் மேல் ஊசி சாய்வாகச் சுற்றிச் சுற்றிப் போகட்டும். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் லேஸின் ஓரக் கண்ணையும் ஊசி சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாலு அங்குலம் தைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி, ஒரு நூல் அளவு வரம்பு, பிறகு லேஸ் என்று தெரிந்தால் உங்கள் கை தேறிவிட்டது.

கழுத்து ஓரத்துக்குச் சுருக்கம் வைக்க, கழுத்துச் சுற்றைப் போல் ஒன்றரைப் பங்கு லேஸ் எடுங்கள். சில லேஸ்களின் மேல் ஓரத்தில் தடித்த நூல் ஒன்று ஓடும். அதை இழுத்தாலே சீராகச் சுருங்கும். கை முனைக்குப் பெரிய கண்ணுள்ள லேஸ் வேண்டாம். குழந்தையின் விரல் அந்தக் கண்ணில் மாட்டிக்கொள்ளும். மாட்டியதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

பூவேலை

மல் துணிக்கு நிழல் தையலைப் போல் பொருந்துவது எதுவும் இல்லை. லக்னோ சிக்கன் வேலையில் பார்த்திருப்பீர்கள். நூல் பின்பக்கம் ஓடும். முன்பக்கம் அதன் நிறம் மட்டும் பனியில் தெரியும் விளக்கு மாதிரி மங்கலாகத் தெரியும்.

படத்தைக் காகிதத்தில் வரைந்து துணிக்கு அடியில் வைத்தாலே மல்லில் கோடு தெரியும். மென்மையான பென்சிலால் மெல்லத் தொட்டு வரையுங்கள். கார்பன் தாளும் பால்பாயின்ட் பேனாவும் கூடவே கூடாது. எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் ஒன்றை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். துணியின் பின்பக்கத்தில் ஓர் இதழின் மேல் கோட்டில் சின்னதாக ஒரு பின் தையல், அடுத்தது கீழ்க் கோட்டில் ஒன்று, மறுபடி மேலே. நூல் குறுக்கும் நெடுக்குமாக மீன்முள் போல விழுந்துகொண்டே போகும். மீன்முள் தையல் என்றே இதற்குப் பெயர். முன்பக்கம் திருப்பினால் இதழின் இரு கோடும் புள்ளி புள்ளியாக நிற்க, நடுவில் நிழல் நிறைந்திருக்கும். இதழின் அகலம் கால் அங்குலத்தைத் தாண்டினால் பின்னால் நூல் தொளதொளவென்று கிடக்கும். குழந்தையின் விரலில் அப்படிப்பட்ட நூல் சுற்றினால் ரத்த ஓட்டமே தடைபடும். அதனால் நிழல் தையலை மார்பில் மட்டும் வையுங்கள், உள்ளே பாட்டி புடவைத் துணியால் மூடிவிடுங்கள். கையில் எந்த வேலையும் வேண்டாம்.

என்ன பூ போடுவது? பொம்மைக் கரடியைத் தவிர வேறெதையாவது போடுங்கள் என்று மன்றாடுவேன். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கிக்கொடுக்கும் பசு நிற்கிறது. தபசுப் பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் இருக்கிறது. இரண்டையும் காம்புத் தையலில் வெறும் கோடாக, ஒன்றரை அங்குலத்துக்குள் போடலாம். எனக்குப் பிடித்தது வேடந்தாங்கல் நத்தைகுத்தி நாரை. அலகு மூடினாலும் நடுவில் தெரிகிற அந்த இடைவெளியை ஒரே ஒரு தையலை விட்டுவிட்டுக் காட்டிவிடலாம். வரைய வராதவர்கள் வாசலில் போடும் நாலு புள்ளிக் கோலத்தைப் போடட்டும். புள்ளிக்குப் பிரெஞ்சு முடிச்சு, கோட்டுக்குச் சங்கிலித் தையல்.

சிவப்பு, மெரூன், கருநீல நூல்களை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை படிந்தால் விட்டுவிடுங்கள். நூல் நுனியில் முடிச்சுப் போடாமல், ஓர் அங்குலம் விட்டுத் தொடங்கி, அந்த நுனியைப் பின்னால் தையலுக்கு அடியில் செருகி முடியுங்கள். மர வளையத்தை ராத்திரி கழற்றி வைத்துவிடுங்கள். வட்டத் தடம் விழுந்தால் மல்லில் லேசில் போகாது.

பொத்தான் வேண்டாம். கழன்றால் வாய்க்குப் போகும். அதே துணியில் மெல்லிய நாடா மூன்று சோடி, ஒவ்வொன்றும் நாலைந்து அங்குலம், மார்பில் தொடங்கிக் கீழே. கழுத்தைச் சுற்றிச் சுருக்கும் நாடா எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

டக் பிடிப்பது

பெண்பிள்ளையின் பட்டுப் பாவாடையில் மூன்று டக் பிடித்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்ட அம்மாக்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய. சட்டையை 11 அங்குலத்தில் நிறுத்தாமல் மூன்று அங்குலம் கூட விட்டு, அந்த மூன்றையும் கீழ் ஓரத்துக்கு மேலே அரை அரை அங்குல டக்குகளாக மூன்று பிடியுங்கள். ஒரு டக் இரட்டையாக மடிவதால் ஒரு அங்குலத் துணி வாங்கும். பார்க்க வரிவரியாக அலங்காரம். குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்க நீளம். கெட்டி நூல் போடாமல் மெல்லிய நூலில் பிடியுங்கள். அகலத்துக்கும் பக்கத் தையலில் கொஞ்சம் கூட விடலாமா என்று கேட்பார்கள். மல்லில் அது உள்ளே திரண்டு உறுத்தும். நீளம் மட்டும் போதும்.

எடுத்து வைப்பது

விழா முடிந்த அன்றே துவைத்துவிடுங்கள். அழுக்கு தெரியவில்லையே என்று மடித்து வைத்தால், பாலும் எண்ணெயும் பட்ட இடம் அடுத்த வருஷம் மஞ்சளாக நிற்கும். கஞ்சி போடாதீர்கள், ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு. வெள்ளையை வெயிலிலும் நிற நூல் வேலையை நிழலிலும் காயவையுங்கள்.

பெட்டியில் அந்துருண்டை போடவே கூடாது. அதிலிருக்கும் நாஃப்தலீன் துணியில் ஏறி நிற்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்தத் துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குறை இருக்கிறதா என்று முன்கூட்டி நமக்குத் தெரியாது. உலர்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் தனி முடிச்சாகக் கட்டிப் போடுங்கள். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே நம் ஊரில் பெயர். முடிச்சு துணியில் நேராகப் படாமல் பெட்டி மூலையில் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைந்து பூஞ்சை பூக்கும். துவைத்த பழைய வேட்டித் துண்டில் சுற்றுங்கள். ஏரி நிறைந்து வேடந்தாங்கலுக்குப் பறவை வருகிற மாதங்களில் நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் ஒரு நாள் வெளியே எடுத்து ஆறப்போட்டு, போன வருஷம் மடித்த கோட்டில் மடிக்காமல் வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே கோட்டில் மடிந்த மல் அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும்.

சட்டையோடு ஒரு சின்னத் துணிப்பை வையுங்கள். அதில் மிச்சமான லேஸ் ஒரு சாண், பூவேலை நூல் ஒரு சுருள், புடவைத் துணியில் உள்ளங்கையளவு ஒட்டுத் துண்டு. கூடவே பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு: யார் புடவை, யார் தைத்தது, எந்தக் குழந்தை எந்த நாளில் போட்டது, எத்தனை டக் பிரித்திருக்கிறது. கீழே இரண்டு வரி இடம் விடுங்கள், அடுத்து தைப்பவள் எழுத.